கிரேஸ் ஆற்றுக் கொம்பன்

வயோமிங் மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது ஜாக்சன். அவ்வூர்ச் சதுக்கத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு வளைவுகள். நான்கும் எல்க் மான்களின் கொம்புகளை ஒன்றோடொன்று கோத்து எழுப்பியவை. முதல் வளைவை 1953இல் கட்டினார்கள். இவற்றுக்காக எந்த மானும் சாகவில்லை. ஊரை ஒட்டி 1912 முதல் இருந்துவரும் காப்பகத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் எல்க் மான்கள் ஆண்டுதோறும் கொம்பு உதிர்க்கின்றன. அவற்றைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் இந்த வளைவுகள். அங்கிருந்து ஸ்னேக் ஆற்றை ஒட்டிக் கீழே இறங்கினால் ஸ்டார் வேலி. அதன் பெரிய ஊரான ஆஃப்டனில் கடைத்தெருவுக்குக் குறுக்கே இன்னொரு வளைவு நிற்கிறது. 1958இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கொம்புகளால் அமைத்தது. லாரிகள் அதன் அடியில் புகுந்து போகின்றன.

ஆஃப்டனை அடுத்த ஒரு பண்ணை வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரைத் தேடித்தான் நான் போனேன். அவர் வீட்டுச் சுவரில் கொம்புகள் ஏதுமில்லை. சமையலறை மேசையின் கண்ணாடிக்கு அடியில் ஒரே ஒரு புகைப்படம். வெகு தொலைவிலிருந்து எடுத்தது, மங்கல். பாறை விளிம்பில் ஓர் ஆண் மான். வலக் கொம்பின் அடியில் கீழ்நோக்கி வளைந்த ஒரு கூடுதல் கிளை, இடக் காதின் நுனியில் ஒரு கிழிசல். "இவனைத்தான் தேடுகிறேன். உரிமம் கையில் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது. ஆண்டு மாறுகிறது, அவன் மாட்டுவதாக இல்லை" என்றார். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அதே மலையடுக்கில் அவனைப் பார்த்துவருகிறார். கொம்பு ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைத்தாலும் வடிவம் பெரும்பாலும் மாறுவதில்லை. காதுக் கிழிசலோ எப்போதும் கூடவே இருக்கும்.

அவர் தேடும் விலங்கின் பெயர் மியூல் டீர். கோவேறு கழுதையின் காதைப் போல நீண்டு அகன்ற காதுகளால் வந்த பெயர் அது. 1804இல் நாடாய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் மிசௌரி ஆற்றின் வழியே மேற்கு நோக்கிப் போனபோது இந்த மானைக் கண்டு குறித்துவைத்தார்கள். கிழக்கு மாநிலங்களில் அவர்கள் பார்த்துப் பழகிய வெள்ளைவால் மானுக்குக் கொம்பின் முதன்மைத் தண்டிலிருந்து கிளைகள் வரிசையாக எழும்பும். இதற்குத் தண்டே கவையாகப் பிரியும், ஒவ்வொரு கவையும் மறுபடி பிரியும். வாலின் நுனி கறுப்பு. மிரண்டால் ஓடுவதில்லை, நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பத் துள்ளித் துள்ளிப் போகும். சமவெளியில் அந்தத் துள்ளலால் பெரிய பயனில்லை. ஆனால் பாறையும் விழுந்த மரங்களும் கிடக்கும் செங்குத்துச் சரிவில், துரத்தி வரும் கோயோட்டி நரி ஒவ்வொரு மரத்தையும் சுற்றிக்கொண்டு வர வேண்டும். மான் அந்த மரங்களுக்கு மேலேயே போய்விடும்.

கிரேஸ் ஆறு இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே ஓடுகிறது. மேற்கில் சால்ட் ரிவர் தொடர், கிழக்கில் வயோமிங் தொடர். உயரமான சிகரம் 11,378 அடி. செப்டம்பர் நடுவில், வேட்டைப் பருவம் திறந்திருந்த நாள்களில், நாங்கள் ஆற்றோரம் கூடாரம் அடித்திருந்தோம். ஆசிரியரும், அவருடைய மகளும், நானும். என்னிடம் துப்பாக்கி இல்லை. இருந்தாலும் மூவருக்கும் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் மேல்சட்டை. துப்பாக்கி வேட்டைக்காரர்கள் இதை அணிய வேண்டும் என்பது மாநிலச் சட்டம். 2017 முதல் அதே பளபளப்பில் இளஞ்சிவப்பையும் ஏற்றுக்கொள்கிறார்கள். மானின் கண்ணுக்குச் சிவப்பை இனங்காண முடியாது. செம்மஞ்சள் அதற்கு ஏதோ ஒரு மங்கல் நிறம்தான். மனிதர் மனிதரைச் சுட்டுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

வேட்டை என்றால் நடை என்று நினைத்திருந்தேன். பெரும்பகுதி உட்கார்ந்திருப்பதுதான். விடியும் முன்பே முகட்டில் ஏறி, பாறையில் முதுகைச் சாய்த்து, முக்காலியில் பொருத்திய ஸ்கோப்பால் எதிர்ச்சரிவைத் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். முழு மானைத் தேடக் கூடாது என்றார் ஆசிரியர். "கிடைக்கோடு ஒன்று தெரிகிறதா என்று பாருங்கள். மரம் நிமிர்ந்து நிற்கும், புல் நிமிர்ந்து நிற்கும். இந்த மலையில் கிடையாகக் கோடு போடுவது முதுகு மட்டும்தான்." அவர் மகள் முதலில் கண்டுபிடித்தது முதுகையும் அல்ல, ஒரு காதை. வெள்ளைப்பட்டை பைன் மரம் ஒன்றின் நிழலில் ஈ விரட்ட அது ஒருமுறை அசைந்தது. பிறகு அந்தக் காதைச் சுற்றி மெல்ல மெல்ல ஒரு மான் உருவானது. கடைசியில் தெரிந்தது, கீழ்நோக்கி வளைந்த அந்தக் கிளை.

அன்று பகல் முழுவதும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவே ஒரு பெரும்பள்ளம். சுற்றிப் போனால் அரை நாள் ஆகும். செப்டம்பர் தொடக்கத்தில்தான் கொம்பை மூடியிருந்த மென்தோலை மரத்தில் தேய்த்து உரித்திருக்க வேண்டும். அடிக்கொம்பு இன்னும் செம்பழுப்பாக, நுனி மட்டும் எலும்பு வெள்ளையாக இருந்தது. படுத்திருந்த இடத்தைப் பார்த்தால் ஒரு படைத்தளபதி தேர்ந்ததுபோல் இருந்தது. முதுகுக்குப் பின்னே பாறைச் சுவர், அதற்கும் மேலே முகடு. கீழே இரண்டு கிலோமீட்டருக்கு மறைப்பே இல்லாத புல்சரிவு. பின்னாலிருந்து வருபவரைக் காற்று காட்டிக்கொடுக்கும், முன்னால் வருபவரைக் கண் பார்த்துக்கொள்ளும். தாடை பக்கவாட்டில் அரைத்துக்கொண்டே இருந்தது. அசைபோடுவது நின்றதும் தொண்டையில் ஓர் உருண்டை இறங்குவது ஸ்கோப்பில் தெளிவாகத் தெரிந்தது. சிறிது நேரம் கழித்து இன்னோர் உருண்டை மேலே ஏறியது, தாடை மறுபடி தொடங்கியது. நண்பகலில் நிழல் நகர்ந்து வெயில் தொடையில் விழுந்தபோது எழுந்தான், உடலை நீட்டிச் சோம்பல் முறித்தான், மரத்தைச் சுற்றி நான்கு எட்டு வைத்து மறுபடி நிழலில் படுத்தான். மாலையில் மேகம் ஒன்று பள்ளத்தை மூடி விலகியபோது படுக்கை காலியாக இருந்தது.

ஓர் உயிரை இத்தனை நேரம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கொல்வதற்காக வந்தவர்களோடு இருந்ததால்தான் பார்த்தேன் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வளர்ந்தவர்களுக்கு வேட்டை என்றாலே குற்றம், அல்லது பழைய ஜமீன்தார் மாளிகையின் பாடம் செய்த புலித்தலை. அமெரிக்க மேற்கில் கதை வேறு தடத்தில் போயிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியதில் இங்கே எல்க்கும் மானும் அருகிப்போயின. 1900இல் வந்த லேசி சட்டம், திருட்டு வேட்டையில் கிடைத்தவற்றை மாநில எல்லை கடத்தி விற்பதைக் குற்றமாக்கியது. இன்று காட்டு மானின் இறைச்சியை விற்கவே முடியாது. சுட்டவர் உண்ணலாம், உற்றாருக்குத் தரலாம். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்துவந்தால் வயோமிங்கில் தண்டனை உண்டு. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, நீள் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கும் 11 சதவீத வரி வனவுயிர்ப் பணிகளுக்கே போகிறது. வெளிமாநிலத்தார் மான் உரிமத்துக்குக் குலுக்கலில் காத்திருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கட்டணம் கட்டுகிறவனின் விருப்பம் எது வாழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஆபத்து இதில் இருக்கிறது. ஆனாலும் ஆசிரியர் வீட்டுக் குளிர்பெட்டியில் கடையில் வாங்கிய இறைச்சியே இல்லை என்பதைப் பார்த்தேன். எந்தப் பொதி எந்த மலையிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றின் மேலும் அவர் மகள் எழுதிவைத்திருந்தார். சந்தையில் இறைச்சி வாங்கும் எனக்கு அப்படி எழுத எதுவுமில்லை.

மேல் பள்ளத்தாக்கில் ஆட்டுமந்தை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. மேய்ப்பர் பெருவிலிருந்து பருவ வேலைக்கு வந்தவர். வளைந்த கித்தான் கூரை போட்ட வண்டியில் தங்கியிருந்தார். உள்ளே குறுக்கே ஒரு கட்டில், கதவோரம் இரும்பு அடுப்பு, இழுத்தால் வெளியே வரும் மேசை. இந்த அமைப்பு 1880களில் இதே மாநிலத்தில் உருவானது, இன்றும் பெரிதாக மாறவில்லை. பெருவிலிருந்து ஆள்கள் வருவதற்கு முந்தைய தலைமுறையில் மேய்ப்பர்களில் பலர் ஸ்பெயின் எல்லையிலிருந்து வந்த பாஸ்க் மக்கள். அமெரிக்க மேற்கின் மலைகளெங்கும் ஆஸ்பென் மரங்களின் வெள்ளைப் பட்டையில் தங்கள் பெயரையும் ஊரையும் கீறிவைத்துவிட்டுப் போனவர்கள். மரம் பருக்கப் பருக்க எழுத்தும் தடித்துக் கறுத்து நிற்கும். ஆஸ்பென் நெடுங்காலம் நிற்கும் மரமல்ல. மரத்தோடு அந்தப் பெயர்களும் விழுந்துகொண்டிருக்கின்றன.

ஆசிரியர் மகளுக்கு ஸ்பானிய மொழி தெரியும். கிழிந்த காது என்று சொன்னதுமே மேய்ப்பர் தலையாட்டினார். ஆடுகளுக்காகத் தட்டைப் பாறைகளில் உப்பு வைப்பார்களாம். மந்தை நகர்ந்த பிறகு நிலா வெளிச்சத்தில் அவன் வந்து அந்தப் பாறையை நக்குவதைப் பார்த்திருக்கிறார். நாய்கள் குரைக்குமா என்று கேட்டேன். முதலில் குரைத்தன, இப்போது குரைப்பதில்லை என்றார். பாறையைப் போய்ப் பார்த்தோம். நக்கி நக்கி வழவழப்பாகியிருந்தது. சுற்றியிருந்த ஈரமண்ணில் ஆட்டின் குளம்படிகளுக்கு மேல் கனமான, நீண்ட ஒரு சுவடு. கரும்பச்சையாக, இன்னும் ஈரம் காயாத புழுக்கைகள்.

ஆசிரியரும் நானும் அவனை மிக நெருங்கியது அதற்கு இரண்டு நாள் கழித்து. மலையில் காற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கும். வெயில் ஏறியதும் சூடான காற்று மேலே எழும்பும். இறங்கும் காற்று நிற்பதற்கும் ஏறும் காற்று தொடங்குவதற்கும் நடுவே எதையும் நம்ப முடியாத ஓர் அரை மணி நேரம். ஆசிரியர் சிறு குப்பியில் மெல்லிய பொடி வைத்திருந்தார். பத்து எட்டுக்கு ஒருமுறை அதை அழுத்துவார், புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். கடைசி நூறு மீட்டருக்குக் காலணியைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு சரளையில் நடந்தார். நான் சற்றுப் பின்னால். பாறை மூலையைத் திரும்பினால் இருநூறு மீட்டரில் அவன் படுக்கை. துப்பாக்கியைத் தோள்பையின் மேல் வைத்துப் படுத்தார். பொடியை ஒருமுறை அழுத்தினார். அது எங்கள் முகத்தை விட்டு விலகி, தயங்கி, நேராகக் கீழே, அவனை நோக்கி இறங்கியது. மேகம் சூரியனை மறைத்திருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

மியூல் டீரிடம் ஒரு பழக்கம் உண்டு. மிரண்டு துள்ளிப் போனாலும் முகட்டை அடைந்ததும் நின்று, எது மிரட்டியது என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கும். வேட்டைக்காரர்கள் அந்த ஒரு நொடிக்காகவே காத்திருப்பார்கள். இவன் நிற்கவில்லை. விளிம்பைத் தாண்டிய துள்ளலின் நடுவிலேயே மறைந்தான். சரளை உருளும் ஓசை மட்டும் சிறிது நேரம் கேட்டது. ஆசிரியர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "நின்று பார்க்கிறவை எல்லாம் இரண்டு மூன்று வயதிலேயே போய்விட்டன. நிற்காதவன் மிஞ்சியிருக்கிறான்" என்றார். அந்தச் சரிவில் அவன் படுத்த இடங்களை எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். வெயிலுக்கு ஒன்று, புயலுக்கு ஒன்று, மனிதர் நடமாட்டம் மிகும் வார இறுதிக்கு ஒன்று. எந்த வரைபடத்திலும் இல்லாத இடங்கள். இந்த மலையை இவ்வளவு நுணுக்கமாகப் படிக்க இவரை உட்காரவைத்தவன் அந்தக் கொம்பன்தான். கொன்றிருந்தால் முதல் ஆண்டோடு படிப்பு முடிந்திருக்கும்.

பருவம் முடியும் தறுவாயில் முதல் பனி விழுந்தது. அன்று வெறுங்கையோடு கூடாரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். ஆஸ்பென் தோப்பின் திருப்பத்தில், ஒற்றையடித் தடத்தின் நடுவே, நாற்பது எட்டில் நின்றான். பனியின் வெளிச்சத்தில் காதின் கிழிசல் தெரிந்தது. மூக்கிலிருந்து ஆவி. ஆசிரியரின் கை தோளிலிருந்த வாருக்குப் போனது, பிறகு கடிகாரத்துக்குப் போனது. சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பின் சுடக் கூடாது என்பது சட்டம். நான்கு நிமிடம் கடந்திருந்தது. அங்கே வேறு யாருமில்லை. அவர் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. கொம்பன் எங்களை ஒரு முறை பார்த்தான், தலையைத் தாழ்த்தித் தடத்தை முகர்ந்தான், தோப்புக்குள் நடந்தே போனான். கூடாரத்தில் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. "நான்கு நிமிடம்" என்று மட்டும் மகளிடம் சொன்னார். "நல்லதுதான் அப்பா" என்றார் அவர்.

இந்த மலையில் வயதான ஆண் மான் ஒன்று உயிரோடிருப்பதே பெரிது. 2022-23 குளிர்காலத்தில் மேற்கு வயோமிங்கில் பனி மேலே இறுகி, கீழே புல் எட்டாமல் போனது. வயோமிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 முதல் இந்தத் தொடரின் மான்களைப் பின்தொடர்கிறார்கள். ஹெலிகாப்டரிலிருந்து வலை வீசிப் பிடித்து, அல்ட்ராசவுண்டால் இடுப்பின் கொழுப்பை அளந்து, கழுத்துப்பட்டை கட்டி விடுவார்கள். அந்தக் குளிர்காலத்தில் பட்டை கட்டிய பெண் மான்களில் பெரும்பகுதி மடிந்தது. அந்த ஆண்டுக் குட்டிகளோ ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. இழந்தது எண்ணிக்கை மட்டுமல்ல. மியூல் டீர் தாயின் பின்னே நடந்து வலசைத் தடத்தைக் கற்கிறது. பிறகு ஆயுள் முழுக்க அதே தடத்தில், அதே ஓடைக் கடவில், அதே மலைக்கணவாயில் போய்வருகிறது. வழி தெரிந்தவை செத்தால் வழியும் சாகும். 2014இல் வெளியான ஓர் ஆய்வு, ரெட் டெசர்ட் பாலையிலிருந்து ஹோபேக் பள்ளத்தாக்கு வரை 240 கிலோமீட்டர் நடக்கும் மான்களைக் கண்டறிந்து சொன்னபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த பண்ணைக்காரர்களே வியந்துபோனார்கள்.

நவம்பரில் மறுபடி போனேன், இம்முறை மலைக்குக் கிழக்கே. 1850களின் இறுதியில் அரசு செலவில் வெட்டிய லேண்டர் சாலையில் குடியேறிகளின் வண்டிகள் இந்தத் தொடரைக் கடந்து மேற்கே போயின. மான்கள் அதே மலையை எதிர்த்திசையில், ஆண்டுதோறும், யாரும் வெட்டித் தராத தடத்தில் கடந்துவருகின்றன. பைன்டேல் ஊருக்கு மேற்கே டிராப்பர்ஸ் பாயிண்ட் என்ற மேட்டில் வண்டியை நிறுத்தினேன். இரு ஆறுகளுக்கு நடுவே நிலம் குறுகும் இடம். சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே மனிதர்கள் பிராங்ஹார்ன் என்ற மான்போன்ற விலங்குகளை மடக்கி வேட்டையாடியதற்கு எலும்புகள் கிடைத்திருக்கின்றன. பிறக்காத குட்டிகளின் எலும்பும் உண்டு. ஆகவே அது வசந்தகால வலசை. இன்றும் வசந்தத்தில் அவை அதே குறுகலில்தான் போகின்றன. 2012இல் நெடுஞ்சாலைக்கு மேலே விலங்குகளுக்கென்றே மேம்பாலங்களும், கீழே சுரங்கவழிகளும் கட்டினார்கள். திறந்தவெளி விலங்கான பிராங்ஹார்ன் மேலே போகிறது. மியூல் டீர் பெரும்பாலும் கீழ்வழியை ஏற்கிறது. வண்டியில் அடிபடுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. நான் பார்த்த அரசுக் கட்டுமானங்களில் இதைவிட மனத்துக்கு நிறைவு தந்த ஒன்று இல்லை.

தெற்கே, லாபார்ஜ் அருகே, சேஜ் புதர்கள் நிறைந்த சாம்பல் நிறச் சமவெளியில் ஆசிரியரையும் மகளையும் சந்தித்தேன். வேட்டைப் பருவம் மூடி வெகுநாளாகிவிட்டது. இணைசேரும் காலம். செப்டம்பரில் முதலில் ஒரு காதை மட்டுமே காட்டியவன், பட்டப்பகலில், சாலையிலிருந்து கல்லெறி தூரத்தில் பெண் மான்களுக்கு நடுவே நின்றான். கழுத்து வீங்கிப் பருத்திருந்தது. மேயவே இல்லை. ஒரு பிணையின் பின்னே மூக்கை நீட்டிக்கொண்டு சுற்றினான். கீழ்நோக்கி வளைந்த அந்தக் கிளையின் நுனி முறிந்திருந்தது. சண்டை போட்டிருக்கிறான். காலில் இலேசான நொண்டல். கோடையில் சேர்த்த கொழுப்பையெல்லாம் இந்தச் சில வாரங்களில் எரித்துவிட்டுத்தான் ஆண் மான்கள் குளிர்காலத்துக்குள் நுழைகின்றன. பெண் மான்களைவிட அவை குளிரில் எளிதாகச் சாவது இதனால்தான். இந்த நாள்களில் இங்கே வேட்டையை மூடிவைத்திருப்பதை நான் மனதார ஆதரிக்கிறேன். இப்படி நிற்கும் மானைச் சுட மலை தெரிய வேண்டியதில்லை, காற்று தெரிய வேண்டியதில்லை.

நாங்கள் அங்கே போனது அவனைப் பார்க்க அல்ல, வேலிக்காக. ஒரு பண்ணைக்காரரின் அனுமதியோடு பழைய முள்கம்பி வேலியைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அடிக்கம்பியில் மான் மயிர் கொத்துக் கொத்தாகச் சிக்கியிருந்தது. உள்ளே காற்றோடிய, தொட்டால் நொறுங்கும் மயிர். குட்டிகள் அடியில் புகுந்து போகும்போது முதுகில் முள் உழுதுவிடும். பெரியவை தாண்டும்போது பின்னங்கால் மேல் இரண்டு கம்பிகளுக்கு நடுவே மாட்டி முறுக்கிக்கொள்ளும். அப்படி மாட்டியது மீள்வது அரிது. அடிக்கம்பியை எடுத்துவிட்டு, முள்ளில்லாத கம்பியைத் தரையிலிருந்து 16 அங்குலத்துக்குமேல் கட்டினோம். உச்சிக்கம்பியை 42 அங்குலத்துக்குக் கீழே இறக்கினோம். மேல் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே 12 அங்குலம். ஆசிரியர் அளவுகோலை வைத்து ஒவ்வொரு தூணிலும் அளந்தார். மகள் கம்பியை முறுக்கினார். நான் பழைய முள்கம்பியை வளையமாகச் சுற்றி வண்டியில் ஏற்றினேன். அடுத்த இலையுதிர்காலத்திலும் இவனைத் தேடிப் போவீர்களா என்று ஆசிரியரிடம் கேட்டேன். "போவேன். கிடைத்தால் சுடுவேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த தூணுக்கு நகர்ந்தார். மாலைக்குள் அந்த மேய்ச்சல் நிலத்தின் மேற்குப் பக்கம் முடிந்தது. தெற்குப் பக்க வேலி வேறொருவருடையது. அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. மறுநாள் காலை மகள் போய் மறுபடி கேட்பதாக இருந்தார்.